கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய சாமானில் உலகக் கண்காட்சியின் தடம் தேடும் முறை

எங்கள் வீட்டு விறாந்தையில் வளைத்த மரத்தால் செய்த கதிரை ஒன்று இருக்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கிளம்பிய நாட்களில் அதிகாரிகளின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்பா அப்போது எடுத்த கதிரை அது. ஏலக்காசைவிட வண்டிக்கூலிதான் கூட என்று அம்மா கடைசிவரை சொல்லிக்காட்டினார். அப்படிச் சிதறிய சாமான்கள் இன்னமும் இந்த ஊரில்தான் கிடக்கின்றன. உப்புவெளியில் ஒரு வீட்டில் வார்ப்பிரும்புக் குடைத்தாங்கி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. மத்திய வீதிக் கடை ஒன்றில் பதக்கப் படங்கள் அச்சிட்ட பிஸ்கட் தகரத்துக்குள் சில்லறைக்காசு கிடக்கிறது.

முப்பத்தொரு வருடம் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு பழைய மாணவர்கள் வீட்டில் கிடக்கும் சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் இரண்டு கேள்விகள்: "ரீச்சர், இது எந்தக் காலத்தது? என்ன விலை போகும்?" முதற்கேள்விக்குப் பதில் தேடிக் கொடுப்பேன். இரண்டாவதைக் கேட்டால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். இனிமேல் முதற்கேள்விக்கான பதிலையும் நீங்களே தேடிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலகக் கண்காட்சிகளை இதற்குள் ஏன் இழுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1851 மே 1ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் முதலாவது பெரும் கண்காட்சி திறந்தது. தோட்டக் கலைஞரான ஜோசப் பாக்ஸ்டன் வரைந்த இரும்பும் கண்ணாடியுமான கிரிஸ்டல் பேலஸ் அதன் மண்டபம். ஐந்தரை மாதத்தில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். இலங்கையும் பொருட்களை அனுப்பியிருந்தது. அதன்பின் பாரிஸ், வியன்னா, பிலடெல்பியா, சிக்காகோ என்று ஊர் ஊராகக் கண்காட்சிகள் நடந்தன. கதிரைக்காலின் வளைவு, கோப்பையின் கைபிடி, படலையின் இரும்புப் பூ எல்லாம் அங்கே காட்டப்பட்டு, பரிசு பெற்று, மற்றவர்களால் பார்த்துச் செய்யப்பட்டு, கப்பலேறி எங்கள் துறைமுகம்வரை வந்தன. கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தை வியாபாரிகள் லேபலில் அச்சிட்டார்கள். வடிவத்தை மற்றவன் திருடிவிடுவான் என்ற பயத்தில் பதிவு முத்திரை குத்தினார்கள். அந்த லேபலும் முத்திரையும்தான் எங்களுக்கு வேண்டியவை. அவை எப்போதும் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. கையடக்க டோர்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, மெல்லிய வெள்ளைக் கடதாசி, 4பி பென்சில், மயிர் மெதுவான தூரிகை, ஒரு கொப்பி. பார்க்கிற நேரம் மாலை ஐந்து மணிக்குப் பிறகாக இருக்கட்டும். நடுப்பகலில் டச்சுக் குடாப் பக்கத்து வெயில் நேரே தலைக்கு மேல் இறங்கும். அந்த வெளிச்சத்தில் எந்தப் பள்ளமும் மேடும் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு டோர்ச்சைச் சாமானின் மேற்பரப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். காலையில் மொட்டையாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும்பும்.

எழுத்து தெரியவில்லை என்று உடனே தேய்க்கத் தொடங்காதீர்கள். பித்தளையைப் பழப்புளி போட்டு மினுக்குவது எங்கள் கைக்கு ஊறிய பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. முத்திரை இருக்கிற சாமானுக்குப் புளியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், உப்புக்கடதாசி வேண்டவே வேண்டாம். இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதைக் கதிரைக்கு வரும்போது சொல்கிறேன்.

பதக்கம் பேசுவதில் எவ்வளவை நம்பலாம்

பிஸ்கட் தகரம், தேயிலைப் பெட்டி, தையல் மெஷின், பியானோ, மருந்துப் போத்தல் எல்லாவற்றிலும் பதக்கப் படங்கள் இருக்கும். பார்த்தவுடன் இந்தச் சாமான்தான் பாரிஸ் போய்ப் பரிசு வாங்கியது என்று நினைத்துவிடுகிறார்கள். பரிசு வாங்கியது கம்பனி. வாங்கிய பிறகு ஐம்பது வருடம் அதே படத்தை அச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் ஒரு வருடம் கடை போட்டவர், அடுத்த பத்து வருடமும் 'திருவிழாப் புகழ்' என்று பலகை வைப்பதில்லையா?

ஆனாலும் அந்தப் பலகையிலிருந்து ஒரு விதியை உறுதியாக எடுக்கலாம். லேபலில் உள்ள ஆண்டுகளில் ஆகக் கடைசியானதைப் பாருங்கள். சாமான் அந்த ஆண்டுக்கு முன் பிறந்திருக்க முடியாது. மத்திய வீதிக் கடைக்காரர் தன் தகரத்தில் 1851 என்று இருப்பதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்து மூலையில், துருவுக்குள், 1900 இருந்தது. ஒரே நிமிடத்தில் தகரத்துக்கு அரை நூற்றாண்டு வயது குறைந்துவிட்டது. அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சில்லறையை மட்டும் சரியாகத் தருகிறார்.

ஆண்டு அழிந்திருந்தால் பதக்கத்தில் உள்ள தலையைப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல் ஒரே பக்கம் பார்த்தால், அவர்கள் விக்டோரியா மகாராணியும் கணவர் அல்பேர்ட்டும். லண்டன் 1851 பதக்கம் அது. கூர்மீசையும் குறுந்தாடியும் வைத்த ஒற்றை ஆண் தலை என்றால் மூன்றாம் நெப்போலியன். பாரிஸ் 1855 அல்லது 1867. கன்னம் முழுக்க மயிர் விட்ட ஆண் தலை ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பாக இருக்கலாம், வியன்னா 1873. தகரத்தின் அச்சு எவ்வளவு தேய்ந்தாலும் மீசை கடைசிவரை நிற்கிறது என்பது என் அனுபவம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏதாவது சாமானில் 'தங்கப் பதக்கம், லண்டன் 1851' என்று இருந்தால் அது பொய். அந்தக் கண்காட்சியில் தங்கப் பதக்கமே கொடுக்கவில்லை. கவுன்சில் பதக்கம், பரிசுப் பதக்கம் என்று தரம் வேறாக இருந்தாலும் எல்லாம் வெண்கலம். பரிசுப் பதக்கங்கள் மட்டும் மூவாயிரத்துக்குக் கிட்ட. ஆகவே அது கிடைத்ததை அப்படியொன்றும் அதிசயமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கம், வெள்ளி என்று பிரித்துக் கொடுப்பதைப் பாரிஸ்காரர்கள் 1855இல் செய்தார்கள். அது வியாபாரிகளுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

வைர முத்திரையைப் படிப்பது

என்னிடம் படித்த ஒருவன் இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். போன வருடம் ஒரு கூசாவைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தான். சாம்பல் நீல நிறம், உடல் முழுக்க ஐவிக் கொடி புடைத்து ஏறுகிறது, ஒரு சாண் உயரம். அவனுடைய அம்மம்மா காலத்திலிருந்து அதில்தான் மோர் ஊற்றி வைப்பார்களாம். வெளியூரிலிருந்து பழைய சாமான் வாங்க வந்த வியாபாரி ஒருவர் அடியைப் பார்த்து, "இது 1851ஆம் ஆண்டு, கிரிஸ்டல் பேலஸில் வைத்தது" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடியில் ஒரு வைர வடிவ முத்திரை. அதில் ஒரு 'பி' (P) எழுத்து.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் ஆங்கிலேயர் காலத்துச் சாமான் இருந்தால் ஒருநாள் நிச்சயம் உதவும்.

1842 முதல் 1883 வரை பிரித்தானியாவில் ஒரு வடிவத்தைப் பதிவு செய்தவர்கள் இந்த வைர முத்திரையைப் பொருளில் இட்டார்கள். வைரத்தின் உச்சியில் சிறு வட்டம் இருக்கும். அதற்குள் ரோமன் எண். ஒன்று என்றால் உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு மண்பாண்டமும் பீங்கானும். வைரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குறி: ஒன்று ஆண்டு, ஒன்று மாதம், ஒன்று திகதி, மற்றது பதிவுப் பொதி எண். ஆண்டை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டார்கள். எழுத்துகள் அகரவரிசையில் வராது, கலைந்து வரும். இருபத்தாறு எழுத்தும் 1867இல் தீர்ந்துவிட்டதால், 1868இலிருந்து பழைய எழுத்துகளையே மீண்டும் எடுத்தார்கள். குழப்பம் வராதிருக்க மூலைகளின் வேலையை மாற்றினார்கள்.

வியாபாரி வழுக்கிய இடம் இதுதான். 1842 முதல் 1867 வரை ஆண்டு எழுத்து மேல் மூலையில், வட்டத்துக்கு நேர் கீழே இருக்கும். 1868 முதல் 1883 வரை அது வலது மூலைக்குப் போய்விட்டது. மேல் மூலையில் 'பி' இருந்தால் 1851. வலது மூலையில் 'பி' இருந்தால் 1877.

கூசாவைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். சுடும்போது மினுக்குப் பூச்சு வழிந்து முத்திரையின் ஒரு பக்கத்தை மூடியிருந்தது. டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்ததும் வட்டமும் அதற்குள் ரோமன் நான்கும் தெரிந்தன. கடதாசியை மேலே வைத்து, விரல் நுனியால் அசையாமல் அழுத்திக்கொண்டு, பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் உரசினேன். முதல் தடவை கரிப்பூச்சு மட்டும். இரண்டாம் தடவை கையைத் தளர்த்தியபோது மேல் மூலையில் 12 வந்தது. கீழ் மூலையில் 'எச்'. இடது மூலை எண் தெளிவில்லை. வலது மூலையில், வால் கொஞ்சம் தேய்ந்த 'பி'. இரண்டாவது முறையில் கீழ் மூலை மாதத்துக்குரியது. 'எச்' என்றால் ஏப்ரல். ஆக, வடிவம் பதிவானது 1877 ஏப்ரல் 12.

"அப்படியென்றால் கிரிஸ்டல் பேலஸ் இல்லையா, ரீச்சர்?" அவன் முகம் விழுந்துவிட்டது.

"இல்லைத் தம்பி. ஆனால் உன் அம்மம்மாவின் மோர்க்கூசாவுக்குப் பிறந்த திகதி கிடைத்திருக்கிறது. எனக்கே என் பிறந்த திகதி சாதகத்தில் ஒன்று, பதிவில் ஒன்று."

இதில் ஒரு எச்சரிக்கை. முத்திரை காட்டுவது வடிவம் பதிவான நாளை. அந்தக் கூசா சூளையிலிருந்து வந்த நாளை அல்ல. நன்றாக விற்ற வடிவத்தைப் பல வருடம் வார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். 1884இலிருந்து வைரம் போய், 'ஆர்டி நம்பர்' (Rd No) என்று நேர் எண் வந்தது. ஒன்றில் தொடங்கி, 1890 பிறக்கும்போது ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்தையும், 1900 பிறக்கும்போது மூன்றரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. உங்கள் சாமானின் எண் இவற்றுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் பத்தாண்டுக் கணக்கில் வயது தெரியும்.

இந்தப் பதிவுப் பயத்துக்கும் கண்காட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கண்காட்சியில் வைத்தால் உலகமே பார்க்கும். பார்த்தவன் ஊருக்குப் போய் அதையே செய்வான். 1873 வியன்னாக் கண்காட்சிக்கு வெளிநாட்டவர் பலர் இந்தப் பயத்தில் தங்கள் கண்டுபிடிப்புகளைக் கொண்டுவரவே தயங்கினார்கள். அந்தத் தயக்கம்தான் பேச்சுவார்த்தைகளாக வளர்ந்து, 1883இல் கைத்தொழில் உடைமைகளைக் காக்கும் பாரிஸ் உடன்படிக்கையில் போய் முடிந்தது.

பீங்கான் தட்டுக்கும் தையல் மெஷினுக்கும் ஒவ்வொரு வரி போதும். தட்டின் அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவின் புதிய சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. 'மேட் இன்' என்று சேர்ந்திருந்தால் பொதுவாக இருபதாம் நூற்றாண்டு. சிங்கர் மெஷினின் வரிசை எண்ணுக்கு முன்னால் எழுத்து இல்லாவிட்டால் 1900க்கு முந்தியதாக இருக்கக்கூடும்.

வளைமரக் கதிரை

இனிக் கதிரை. இந்த ஊரில் எங்கே வளைந்த கதிரையைக் கண்டாலும் 'தோனெட்' என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மிகையேல் தோனெட் ஜேர்மனியின் பொப்பார்ட் ஊர்த் தச்சர். 1842இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். லண்டன் 1851 கண்காட்சியில் அவருடைய வளைந்த தளபாடங்களுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. (பார்த்தீர்களா, வெண்கலம்!) அப்போது மெல்லிய மரப்பட்டிகளைப் பசையில் ஒட்டி வளைத்துக்கொண்டிருந்தார். ஈரக்காற்றுள்ள கடல்கடந்த நாடுகளுக்குப் போனதும் பசை விட்டது. எங்கள் ஊர்ப் பெட்டகங்களின் பலகை ஒட்டு மாரியில் வாய் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஆகவே முழு பீச் மரத் தண்டையே ஆவியில் அவித்து, இரும்புப் பட்டியோடு சேர்த்து அச்சில் வளைக்கும் முறைக்கு மாறினார். 1859இல் வந்த 14ஆம் இலக்கக் கதிரைக்கு ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் மட்டுமே. பசை கிடையாது. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் முப்பத்தாறு கதிரைகள். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம். 1869இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் வேறு கம்பனிகளும் அதே முறையில் இறங்கின. அதனால்தான் வளைவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக்கூடாது என்கிறேன்.

முதலில் அது உண்மையாகவே வளைத்த மரமா, வளைவாக அறுத்த மரமா என்று பாருங்கள். கதிரையின் பின்பக்கம் போய், ஒரு பின்காலின் அடியில் விரலை வைத்து மேலே தடவிக்கொண்டு போங்கள். முதுகின் உச்சியில் வளைந்து, மறுகால் அடிவரை எங்கும் மூட்டு தட்டாமல் விரல் வழுக்கிக்கொண்டு போனால் ஒரே தண்டு. பிறகு உச்சி வளைவில் உருப்பெருக்கியை வையுங்கள். வளைத்த மரத்தில் நார் ஓட்டம் வளைவோடு கூடவே திரும்பும், ஆறு திரும்புவதுபோல. அறுத்த மரத்தில் நார் நேராகப் போய் வளைவின் ஓரத்தில் அறுந்து முடியும். அந்த அறுந்த இடத்தில்தான் அறுத்த கதிரை முறியும்.

அடுத்தது மரம். பீச் மரம் வெளிறிய நிறம். சாயம் தேய்ந்த இடத்தில் பார்த்தால் எள்ளை இடித்துத் தூவியதுபோலச் சிறு கோடுகள் நெருக்கமாக இருக்கும். தூக்கினால் கை நோகாது. எங்கள் பக்கத்துத் தச்சர்கள் முதிரையில் செய்த கதிரைகளும் உண்டு. அவை பொன்னிறம், வெளிச்சத்தில் பட்டுப்போல அலை காட்டும், தூக்கினால் நாரி பிடிக்கும். சவண்டலையும் அகப்படலாம். மர வியாபாரத்தில் ஆங்கிலத்தில் அதற்கே 'திருகோணமலை மரம்' என்றுதான் பெயர். முதிரைக் கதிரை என்று தெரிந்தால் வியன்னாவை மறந்துவிடுங்கள். அதற்காக அதைக் குறைவாகவும் நினைக்க வேண்டாம். சிக்காகோ 1893 கண்காட்சியில் இலங்கை எழுப்பிய மண்டபம் முழுக்க எங்கள் நாட்டு மரமும் செதுக்கு வேலையும்தான். கண்காட்சி முடிந்ததும் அதை அப்படியே கழற்றிக்கொண்டுபோய் விஸ்கான்சினில் ஒரு ஏரிக்கரையில் கோடைகால மாளிகையாக நிறுத்தினார்கள்.

மூன்றாவதுதான் முத்திரை. கதிரையைக் கவிழ்த்து, இருக்கை வளையத்தின் உட்புறத்தை முழுவதும் சுற்றிப் பாருங்கள். கடதாசி லேபல் ஒட்டியிருக்கலாம். சூட்டுமுத்திரையோ அழுத்து முத்திரையோ இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

இப்போது என் கதை. பத்து வருடத்துக்கு முன் அப்பாவின் கதிரையில் ஒரு கால் ஆடியது. வீட்டுக்கு ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்றார். நான் சந்தைக்குப் போய்வருவதற்குள் உப்புக்கடதாசியால் வளையத்தின் உட்புறம்வரை உரசிவிட்டார். தூசியோடு சேர்ந்து ஒரு கடதாசித் துண்டும் முற்றத்தில் பறந்து கிடந்தது. மஞ்சள் நிறம், பெருவிரல் நகமளவு, அதில் எழுத்தின் அரைவாசி. ஐம்பது வருடம் நான் உட்கார்ந்த கதிரையை ஒருநாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. தச்சரிடம் கோபப்பட்டு என்ன பயன்? அவர் சொன்ன வேலையைச் செய்தார். பார்க்காமல் கொடுத்தது நான்.

நல்லவேளை, மரத்தில் அழுத்திய முத்திரை உப்புக்கடதாசிக்கு முழுதாக அடங்கவில்லை. லேபல் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் டோர்ச்சைத் தாழ்த்தியபோது நிழலாக மூன்று எழுத்துகள் தெரிந்தன: ஓ, எச், என். பென்சில் உரசலில் அதற்கு முன்னால் ஒரு 'கே'யின் முதுகெலும்பும் வந்தது. கோன். ஜேக்கப், ஜோசப் கோன் கம்பனி. தோனெட்டின் பெரும் போட்டியாளர்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் குஸ்தாவ் சீகல் வரைந்த தளபாடங்களை வைத்துப் பெயர் வாங்கியவர்கள். 1914இல் முண்டஸ் என்ற கம்பனியோடு இணைந்தார்கள். முத்திரையில் முண்டஸ் பெயர் சேராமல் கோன் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய கதிரை என்று கொள்ளலாம். தமிழில் கோன் என்றால் அரசன். கோணேசர் ஊருக்கு ஒரு கோன் வந்து விறாந்தையில் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகவே லேபல் கிடைத்தால் முதலில் கைத்தொலைபேசியில் நேரே ஒன்று, சரிவாக ஒன்று படமெடுங்கள். ஒட்டும் டேப் போடாதீர்கள். எங்கள் உப்புக்காற்றில் இரண்டு மாரிக்குள் அது பழுப்பாகி, லேபலின் மையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஓரம் எழும்பியிருந்தால் ஐதான கோதுமைமாப் பசையைத் தூரிகை நுனியால் தொட்டு அமர்த்திவிட்டு, பிசின் காயும்வரை கதிரையைக் கவிழ்த்தபடியே விடுங்கள். மாப்பசைக்குப் பூச்சி வரும் என்பார்கள். கொஞ்சமாகத் தொட்டால் வராது, வழிய விட்டால் வரும்.

குறி ஒன்றுமே இல்லாவிட்டால்

அப்போது அலங்காரத்தைத்தான் கேட்க வேண்டும். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், வடிவங்கள் நெடுங்காலம் சாகாமல் திரும்பத் திரும்ப வரும். அலங்காரம் மட்டும் சொல்லும் வயதில் நாற்பது ஐம்பது வருடம் முன்பின் போகும்.

1851இல் மக்கள் வாயைப் பிளந்து பார்த்தது உயிருள்ளதுபோலப் புடைத்த ரோசாப்பூக்களையும் பழக்குலைகளையும்தான். கண்காட்சியை நடத்தியவர்களில் ஒருவரான ஹென்றி கோலுக்கும், மண்டபத்தின் உட்புறத்துக்கு வண்ணம் தீர்மானித்த ஓவன் ஜோன்ஸுக்கும் அது பிடிக்கவில்லை. தட்டையான பரப்பில் தட்டையான கோலம்தான் இருக்கவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய நல்ல உதாரணங்களில் இந்தியத் துணிகளும் இருந்தன. 1852இல் மார்ல்பரோ மாளிகையில் கோல் ஒரு அறை முழுக்க 'பொய்யான கொள்கையில் செய்த அலங்காரங்கள்' என்று கெட்ட உதாரணங்களை மாட்டினார். அதில் ரயில் நிலையப் படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்ட சுவர்க்கடதாசியும் ஒன்று. கம்பனிகள் கத்திய கத்தலில் அறையை மூடிவிட்டார்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது வாசற்கோலத்தைக் காட்டுவேன். கோலத்துத் தாமரை நிலத்தில் தட்டையாகத்தான் கிடக்கிறது; அதை மிதிக்க யாருக்கும் கால் கூசுவதில்லை. நிசத் தாமரைபோல வரைந்திருந்தால் தாண்டித்தான் போவோம். கோல் சொன்னதை எங்கள் அம்மாமார் ஒரு கையில் அரிசிமாவோடு செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த அடையாளம் 1900. சாட்டையைச் சுழற்றியதுபோன்ற கோடுகள், நீண்ட தண்டுள்ள அல்லிகள், கூந்தல் பறக்கும் பெண்முகங்கள். பாரிஸ் கண்காட்சியோடு உச்சிக்குப் போன பாணி. விளக்குக் கண்ணாடியிலும் சுவர் ஓட்டிலும் பார்க்கலாம்.

மூன்றாவதைத் தேட வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. மாலையில் நடந்துகொண்டே வீதியோரப் பழைய வீடுகளின் கேற்றைப் பாருங்கள். கீழ் மூலையிலிருந்து இரும்புக் கம்பிகள் சூரியக் கதிராக விரிந்திருக்கும். மதிலில் படிபடியாக இறங்கும் சீமெந்துக் கோடுகள், யன்னலுக்கு மேல் வட்டம் வெட்டிய விளிம்பு. இவற்றின் மூலக்கிழங்கு 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சி. 1915இல் நடத்த நினைத்தது, யுத்தத்தால் பத்து வருடம் பிந்தியது. பழைய பாணியைப் பார்த்துச் செய்த எதையும் வைக்கக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். இன்று எல்லோரும் சொல்லும் 'ஆர்ட் டெக்கோ' என்ற பெயர் அந்தக் கண்காட்சிப் பெயரிலிருந்து எடுத்தது. ஆனால் அது பரவலானது 1960களில்தான். அந்தக் கேற்றை வளைத்த எங்கள் ஊர் இரும்புப் பட்டறைக்காரருக்குப் பாரிஸும் தெரியாது, பெயரும் தெரியாது. அடுத்த வீட்டுக் கேற்றைப் பார்த்துச் செய்திருப்பார். வடிவம் அப்படித்தான் ஊர் ஊராக நடக்கிறது.

பார்த்ததை எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். சாமான், யார் வீட்டுக்கு எப்படி வந்தது, முத்திரை எங்கே, பென்சில் உரசல் ஒட்டிய பக்கம், முடிவு. நிச்சயமாகத் தெரிந்ததை மையிலும் ஊகத்தைப் பென்சிலிலும் எழுதுவது என் வழக்கம். கூசாவின் திகதி மையில் இருக்கிறது. அது எந்தத் தொழிற்சாலை என்பது இன்னும் பென்சிலில்.

செவ்வாய்க்கிழமை தம்பலகாமத்திலிருந்து பிரம்பு பின்னுகிறவர் வருகிறார். கோன் கதிரையின் இருக்கை தொய்ந்துவிட்டது. நல்ல வேலைக்காரர்தான், ஆனால் துளைகளைத் துப்புரவாக்குகிறேன் என்று உளியை எடுக்கும் பழக்கம் உண்டு. முத்திரை உள்ள இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் மூன்று சுற்றுக் கட்டி வைத்திருக்கிறேன். அந்த நாலு விரற்கடைக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்திருப்பேன். சந்தைக்கு வேறு யாராவது போகட்டும்.